செத்தவீட்டு வாசலில் ஒரு செங்கல்

யோகாம்பாளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்துத் தமிழர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. ஒரேத்தோத் தெருப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்துக்குள் பக்கத்தில் நிற்பவளின் ஊர், வேலை, பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் சலரோகம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுவாள். "சரி, அப்ப நான் வாறன்" என்று அவள் பஸ் ஏறும்போது மற்றவளுக்குத்தான் மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட மனுசி, பேசியே ஆக வேண்டிய ஒரு இடத்தில் வாயை இறுக மூடிக்கொண்டாள். என்ன செய்வது, பாவம். அந்த நேரத்தில் அவளுடைய இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் சினியோராக்கள் என்கிற இத்தாலிய வீட்டம்மாக்களின் வீடுகளைத் துடைத்தாள், உடுப்புக்கு இஸ்திரி போட்டாள், படுக்கையில் கிடந்த கிழவர்களைக் குளிப்பாட்டினாள். புருஷன் தவராசா வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். ஒரே மகள் கேசிகா இங்கேயே பிறந்தவள். பழைய நகரத்தில் ஒரு இருட்டு வீட்டில் குடும்பம் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தவராசாவுக்கு நெஞ்சுச் சளி என்று தொடங்கியது நுரையீரல் வருத்தமாகி வேலை போயிற்று. அதே நேரம் பார்த்து வீட்டுக்காரருக்கு ஆசை வந்தது, சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை அறையாக விடலாமென்று. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அப்போதுதான் நகரசபையின் வாடகைத் திட்டம் ஒன்று இருப்பது தெரியவந்தது. வீடிழந்த குடும்பத்துக்கு நகரசபையே வீடு பார்த்துக் கொடுக்கும். வாடகையில் பெரும்பங்கை நேரே வீட்டுக்காரரிடம் கட்டும். அலைந்து திரிந்து, வரிசையில் நின்று, கடைசியில் ஒரேத்தோவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. கிழக்குப் பக்கம் ஜன்னல். உள்ளே வந்ததும் தவராசா முதலில் கட்டிலை அந்த ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போடச் சொன்னார்.

"இனி என்னை எழுப்பாதையுங்கோ. ஆசுப்பத்திரியிலை இல்லை, இந்தக் கட்டிலிலைதான் நான் போகோணும்" என்றார்.

"போற கதையை விட்டுப்போட்டுக் கஞ்சியைக் குடியுங்கோ" என்று யோகாம்பாள் அதட்டினாள். அவளுக்கும் உள்ளுக்குள் அந்த வீட்டின் மேல் அப்படியொரு ஆசை. காலையில் வெயில் வந்து விழுகிற வீடு ஒன்று அவளுக்கு வாய்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கட்டடத்தில் ஒரே முதலாளிக்கு மூன்று வீடுகள். மூன்றையும் அவர் திட்டத்துக்குக் கொடுத்திருந்தார். மற்றதெல்லாம் சொந்த வீட்டுக்காரர்கள். மூன்றில் ஒன்று யோகாம்பாளின் வீடு. இன்னொன்றில் தரைத்தளத்தில் ஒரு சிசிலியக் கிழவர். ஊர்க்காரர் என்பதால் அவரை யாரும் திட்டத்து ஆளாகவே எண்ணவில்லை. மூன்றாவது, ஐந்தாம் மாடியில் மரியேலும் அவள் புருஷன் லுடோவிக்கும். மொரீசியஸ்காரர்கள். பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பம். தமிழென்று சொல்ல அவர்களிடம் மிச்சமிருந்தது வீராப்பென் என்ற குடும்பப் பெயரும் தைப்பூசக் காவடியும்தான். வாயைத் திறந்தால் கிரியோல். அதனால் யோகாம்பாளும் மரியேலும் கதைப்பது இரண்டு பேருக்குமே அரைகுறையான இத்தாலியனில். யாழ்ப்பாணத்துச் சனம் அவர்களைக் கோயிலில் கண்டால் சிரிக்கும். ஆனால் பந்தியில் பக்கத்தில் இருத்தாது. எங்கள் ஆட்களின் பவிசு அப்படி!

இவர்கள் வந்த பிறகு சொந்த வீட்டுக்காரர்கள் கதவுகளுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார்கள். லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு அறிவித்தல் முளைத்தது: "தெருக்கதவை எப்போதும் மூடவும். எல்லோருடைய பாதுகாப்புக்காகவும்." எல்லோரும் என்பதில் நாங்களும் சேர்த்தியோ என்று கேசிகா கேட்டாள். அவர்களின் பயம் முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் வீடு உடைத்திருந்தார்கள், ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்திருந்தார்கள். ஆனால் கள்ளன் பிடிபடாத ஊரில் புதிதாக வந்தவன்தானே கள்ளன்.

லிப்ட் பழுதாகிக் கிடந்த வாரம் தவராசாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. யாரையும் கூப்பிடவில்லை. படியில் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டு லுடோவிக் தானாகவே இறங்கி வந்தான். குனிந்து முதுகைக் காட்டினான். அன்றைக்குக் கீழே இறக்கினான், இரண்டு நாள் கழித்து அதே முதுகில் மேலே ஏற்றினான். "ஆள் கறுப்பெண்டாலும் மனம் வெள்ளை" என்று தவராசா சொல்ல, "நீங்கள் என்ன வெள்ளைக்காரரோ?" என்று யோகாம்பாள் கேட்டாள். இருமலுக்கு நடுவில் அவர் சிரித்த கடைசிச் சிரிப்புகளில் அது ஒன்று.

மாசி மாதம், அவர் ஆசைப்பட்டபடியே, அந்தக் கட்டிலில் அவர் உயிர் போயிற்று.

செத்தவீடு என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அழைப்பில்லை. மணியடித்து, உத்தரவு கேட்டு உள்ளே வருவதில்லை. கேள்விப்பட்டவர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பேசாமல் ஒரு மூலையில் குந்துவார். போகும்போது சொல்லிக்கொள்ளவும் மாட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரைக்கும் சனம் வந்துகொண்டே இருக்கும். செத்தவீட்டுக் கதவைச் சாத்துவது என்பது வராதே என்று முகத்தில் அடிப்பதற்குச் சமம்.

எல்லாக் காரியத்தையும் முன்னின்று பார்த்தவர் இராஜதுரை. தவராசாவோடு ஒரே கடையில் கோப்பை கழுவியவர், எந்தத் தமிழர் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாய் நிற்பவர். தெருக்கதவு தானாகவே இழுத்து மூடிக்கொள்ளும் வகை. மணிப் பலகையில் முதலாளியின் பெயர்தான் இருந்தது, தவராசாவின் பெயர் இல்லை. வந்த சனம் கீழே நின்று எந்தப் பொத்தானை அமத்துவது என்று தெரியாமல் முழித்தது. சிலர் பிழையான வீட்டை அமத்தித் திட்டும் வாங்கினார்கள். இராஜதுரை தெருமுனையில் வேலை நடந்த இடத்திலிருந்து ஒரு செங்கல்லைத் தூக்கி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் குப்பை போட இறங்கியபோது யோகாம்பாள் அதைக் கண்டாள்.

"அண்ணை, இஞ்சத்தைச் சனம் கதவு விஷயத்திலை பொல்லாதது" என்றாள்.

"செத்தவீட்டுக்கு ஆர் பிள்ளை மணியடிச்சுக்கொண்டு வாறது? சொல்லு பாப்பம்" என்றார் இராஜதுரை.

யோகாம்பாள் செங்கல்லைப் பார்த்தாள். திறந்து கிடந்த கதவுக்குள் இரண்டு பேர் தலை குனிந்தபடி நுழைந்தார்கள். தவராசாவுக்காக இவ்வளவு சனம் வருகிறதே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. இந்த ஊரில் அந்த மனுசனை உயிரோடு இருக்கும்போது யார் தேடி வந்தார்கள்?

"இருக்கட்டும் அண்ணை" என்றாள்.

முதலாம் மாடியில் சினியோரா நுன்சியா என்றொரு விதவை. சிசிலியர்களும் சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல்தான் சமைத்துக் கொடுக்கும். திட்டத்து ஆட்கள், சொந்த ஆட்கள் என்ற பேதம் பார்க்காமல் ஒரு பெரிய பானையில் சூப் கொண்டு வந்து, "சாப்பிடு யோகா, அழுவதற்கும் தெம்பு வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள் ஒருத்திதான்.

ஏழாம் நாள் மத்தியானம் அந்த நுன்சியா சந்தைக்குப் போய் வந்து லிப்டுக்காக நின்றாள். திறந்து கிடந்த கதவால் எவனோ ஒருவன் உள்ளே வந்தான். கைப்பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. தள்ளிவிட்டு ஓடினான். மேலே மூன்றாம் மாடியில் பெண்கள் சேர்ந்து பதிகம் பாடிக்கொண்டிருந்தார்கள். கீழே அவள் கூப்பிட்ட சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை. நிலத்தில் கிடந்தவளைப் பிறகு வந்து கண்டவர்கள்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

பொலிஸ் வருவதற்கு முன் இராஜதுரை செங்கல்லைத் தூக்கி மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். படியில் நின்ற யோகாம்பாள் அதைக் கண்டாள். அவரும் அவள் கண்டதைக் கண்டார். அவள் திரும்பிப் படியேறினாள்.

எட்டுச் செலவு முடிந்த கையோடு அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நுன்சியாவின் தலைமயிரை வாரிப் பின்னிவிட்டாள், முதுகைத் துடைத்தாள், சூப்பை ஊதி ஊதிப் பருக்கினாள். நுன்சியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கதவு திறந்து கிடந்தது யோகா. என் மங்கின கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை. யார் அதைத் திறந்து விட்டிருப்பார்கள்?"

"தெரியாது சினியோரா" என்றாள் யோகாம்பாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவள் கை அந்த மனுசியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. நுன்சியா குணமாகிக் நகரத்தின் கால்சாப் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். பிறகு இந்தக் கட்டடத்துக்குத் திரும்பவே இல்லை.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? திட்டத்து ஆட்கள் வந்ததிலிருந்துதான் இப்படி என்று படியெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சு மெதுவாகப் படியேறி ஐந்தாம் மாடியில் போய் நின்றது. லுடோவிக்குக்கு நிரந்தர வேலை இல்லை. அவனுடைய கூட்டாளிகள் ஸ்கூட்டரில் வருவார்கள், சத்தமாகச் சிரிப்பார்கள். வேறென்ன சாட்சி வேண்டும்? கதவைத் திறந்து விடுபவர்கள் அவர்கள்தான் என்று முடிவாயிற்று.

நாலாம் மாடிச் சினியோரா லோ வெர்தே, வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவள், அந்தக் கட்டடத்துச் சனத்துக்கெல்லாம் வாயாக இருப்பவள். யோகாம்பாள் அவள் வீட்டில் இஸ்திரி போடுவாள். ஒரு காலை, மேசைவிரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து இஸ்திரிப் பலகையின் நுனியில் வைத்தாள்.

"ஐந்தாம் மாடிக்கு வருகிறவர்கள் கதவைத் திறந்து விடுகிறார்கள், அதனால் எல்லோருக்கும் ஆபத்து என்று முதலாளிக்கு எழுதியிருக்கிறோம். எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். நீயும் வை."

"நான் ஏன் சினியோரா? நான் வாடகைக்கு இருக்கிறவள்."

"அதனால்தான். நாங்கள் மட்டும் வைத்தால் வெளிநாட்டவர் மேல் வெறுப்பு என்பார்கள். நீ வைத்தால் அந்தப் பேச்சு எழாது." சினியோரா குரலைத் தாழ்த்தினாள். "உன்னை எனக்குத் தெரியும் யோகா. நீ ஒழுங்கான பெண். ஆனால் ஆட்கள் பயந்து போயிருக்கிறார்கள். இந்தக் கடிதம் போகாவிட்டால் திட்டத்து வீடுகள் மூன்றைப் பற்றியும் எழுத வேண்டி வரும். முதலாளி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்."

யோகாம்பாள் ஒரு நாள் தவணை கேட்டாள். கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேல் மறந்து வைத்துவிட்டாள். ஒரு மூலை மஞ்சளாகக் கருகிற்று.

பின்னேரம் இராஜதுரை வந்திருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தனக்கு மிஞ்சித்தான் தானம், தங்கச்சி. அவையள் எங்கடை ஆக்களே? ஒரு சொல்லுத் தமிழ் கதைக்கத் தெரியாது."

"அவன் இவரை முதுகிலை தூக்கினவன் அண்ணை."

"தூக்கினவன்தான். ஆர் இல்லையெண்டது? அதுக்காண்டி நீ குமர்ப்பிள்ளையோடை தெருவிலை நிக்கப்போறியே?"

"கல்லு வைச்சது நீங்கள். இருக்கட்டும் எண்டு விட்டது நான். அதை மறந்திடாதையுங்கோ."

இராஜதுரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெட்கப்படும்போது அவருக்கு உடனே கோபம் வரும். "அப்ப போய்ச் சொல்லு! கேஸ் போடட்டும். என்னைக் கொண்டுபோய் உள்ளை வைக்கட்டும்" என்று கத்திவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அவர் போன பிறகு கேசிகா வந்து தாயின் பக்கத்தில் இருந்தாள். தாதிப் படிப்பின் கடைசி வருஷம். வழக்கமாகப் பாதி இத்தாலியனில் பொரிந்து தள்ளுகிற பிள்ளை அன்றைக்கு மெதுவாகக் கதைத்தாள்.

"அம்மா, ஃபிர்மா போடுங்கோ, ஒரு கையெழுத்துத்தானே. வீட்டு அட்ரஸ் இல்லாட்டி உங்கடை விசா பெர்மெஸ்ஸோவை என்னெண்டு ரினியூ பண்ணுறது? குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை முதல் கேக்கிறது அதுதான். என்ரை படிப்பு என்னாகும்? அப்பா படுத்த அறையை விட்டுட்டு எங்கை போவம்?"

"அவையளுக்கும் வீடு வேணுமே பிள்ளை."

"எனக்குத் தெரியாதே? எனக்கும் சரியில்லைத்தான். ஆனா வேறை என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

யோகாம்பாள் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னும் அவர் தலை பட்ட தலையணை கிடந்தது. துவைக்க மனம் வராமல் வைத்திருந்தாள். அந்த மனுசனைப் போன இடத்தில்கூட விட்டுவிடலாம், இந்த அறையை எப்படி விடுவது என்று இருந்தது அவளுக்கு.

அடுத்த நாள் காலையில் நாலாம் மாடிக்கு ஏறினாள். இஸ்திரிப் பலகையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். சினியோரா அவள் தோளைத் தட்டினாள். கருகின விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடிதங்கள் நடக்கிற வேகத்தில் நடந்து கோடை வந்துவிட்டது. அந்த மாதங்களில் யோகாம்பாள் லிப்டில் ஏறுவதை விட்டாள். படியில் மேலேயிருந்து காலடி கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, அது கடந்து போன பிறகுதான் வெளியே வந்தாள். மரியேல் எங்காவது எதிர்ப்பட்டு "யோகா, மெலிந்து போனாய்" என்றால், "மனுசன் போன கவலை" என்பாள். ஐந்தாம் மாடி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மற்ற இரண்டும் புதுப்பிக்கப்பட்டன. தெருக்கதவுக்கு இன்னும் பலமான பூட்டு வந்தது.

அவர்கள் வீடு மாறுகிற காலையில் சாமான் இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யோகாம்பாள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டாள். அப்படியும் மணி அடித்தது கேட்டது. திறந்தாள். மரியேல் வியர்த்து வடிய நின்றாள்.

"போகிறோம் யோகா. லுடோவிக்கின் மச்சானிடம் ஒரு அறை இருக்கிறது. பிறகு பார்க்கலாம்."

"நான்..." என்று யோகாம்பாள் தொடங்கினாள்.

"யாரோ எங்களைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரையும் வெறுக்க வேண்டி வரும்." மரியேல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனால் ஒன்று, நீ பயப்படாதே. பொலிஸ் கேட்டபோதும் முதலாளி கேட்டபோதும் அந்தக் கல்லைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. லுடோவிக் தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தான். சாவு நடந்த வீட்டின் மேல் எப்படிப் பழி போடுவது? நீயும் உன் பிள்ளையும் தனியாக இருக்கிறீர்கள்."

அவள் யோகாம்பாளைக் கட்டிப்பிடித்து, இந்த ஊர் வழக்கப்படி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். கீழேயிருந்து லுடோவிக் கூப்பிட்டான். போய்விட்டாள்.

யோகாம்பாள் வாசலிலேயே நின்றாள். குளியலறையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இறங்கி ஓடிப்போய் அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. கீழே வண்டி புறப்படுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அசைந்தாள். அசைந்தவள் கீழே போகவில்லை, மேலே ஏறினாள். நாலாம் மாடிக் கதவைக் கையால் அடித்தாள்.

சினியோரா லோ வெர்தே இரண்டு பூட்டையும் திறந்துகொண்டு வந்தாள்.

"கதவைத் திறந்து விட்டது நாங்கள்தான் சினியோரா" என்றாள் யோகாம்பாள், இத்தாலியனில், மூச்சு வாங்க. "என் புருஷனின் செத்தவீட்டுக்கு. கல் வைத்தது நாங்கள். மரியேல் இல்லை. நுன்சியா விழுந்தது என்னால். எழுதுங்கள். என் பெயரை எழுதுங்கள்."

சினியோராவின் முகத்தில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நாங்கள் எல்லோரும் அந்தக் கல்லைத் தாண்டித்தானே ஒரு வாரம் போய் வந்தோம். சாவு வீடென்று யாரும் அதை எடுக்கவில்லை."

"அப்படியென்றால் ஏன்?"

"ஒரு குடும்பமாவது போனால்தான் ஆட்களின் பயம் அடங்கும் போலிருந்தது. உனக்குப் பெண் பிள்ளை இருக்கிறாள், நீ என் வீட்டுக்கு வந்து போகிறவள். அவர்களை யாருக்கும் தெரியாது." அவள் குரல் இரக்கமாகத்தான் இருந்தது. "வீட்டுக்குப் போ யோகா. முடிந்துபோன கதை. திங்கட்கிழமை வா, இஸ்திரிக்கு நிறையச் சேர்ந்து கிடக்கிறது."

கதவு மூடிற்று. முதலாவது பூட்டு விழுந்தது, பிறகு இரண்டாவது.

யோகாம்பாள் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத் தன் மாடிக்கு இறங்கினாள். உள்ளே போய், வெயில் விழுந்து கிடந்த அந்தக் கட்டிலின் நுனியில் இருந்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். புருஷன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. அன்றைக்கு அழுவதற்குச் சனம் இருந்தது, பிடித்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கு இவளை யார் தேற்றுவது, என்ன சொல்லித் தேற்றுவது?

மத்தியானம் வகுப்பு முடிந்து கேசிகா வந்தபோது குளியலறையில் தண்ணீர் வழிந்து நடைவரை வந்திருந்தது. ஓடிப்போய்க் குழாயை மூடிவிட்டு அறைக்குள் வந்தாள். தாயின் வீங்கின முகத்தைக் கண்டு பயந்துபோய்ப் பக்கத்தில் குந்தினாள்.

"என்னம்மா, ஏன் அழுதனீங்கள்? அப்பாவை நினைச்சோ?"

யோகாம்பாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள் போலிருந்தது.

"ஓம் பிள்ளை" என்றாள். "அப்பாவைத்தான்."